அமைதி எண் எண்பத்தெட்டு

பழுது பார்த்த தரையில் மெக்கானிக் ஒருமுறை நடந்து காட்ட வேண்டும் என்பது கும்மாளம் கம்பெனியின் சட்டம். சும்மா நடந்தால் ஆகாது. குழந்தைகள் காலில் கட்டிக்கொள்ளும் பட்டையைத் தானும் மாட்டிக்கொண்டு, அவர்கள் விளையாடும் நேரத்திலேயே நடுவில் புகுந்து நடக்க வேண்டும். பட்டைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதை வைத்துத்தான் தரை ஆளை அடையாளம் காணும். சோதனைக்கென்று எல்லா மெக்கானிக்கிடமும் தனியாக ஒரு பட்டை உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை கோகிலவாணி அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பீளமேடு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பதினொன்றரைக்குள் முடிக்காவிட்டால் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் லோகேஸ்வரி மிஸ் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் பார்வை போதும். கோகிலவாணி பையைத் துழாவினாள். அடியில் மகள் அமிழ்தினியின் பழைய பட்டை கிடந்தது. இதே காப்பகத்தில் இரண்டரை வருடம் இருந்துவிட்டு ஜூன் மாதம்தான் எல்.கே.ஜி. போயிருந்தாள் பிள்ளை. பட்டையைத் திருப்பித் தரச் சோம்பல்பட்டு அப்படியே போட்டு வைத்திருந்தாள். எந்தப் பட்டையாக இருந்தால் என்ன என்று, கணுக்காலில் ஏறாததைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தரையில் ஏறினாள்.

கும்மாளம் தரையைப் பார்க்காதவர்கள் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஓரடிக்கு ஓரடி ரப்பர் பலகைகள், ஒரு கூடத்துக்கு அறுநூறு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன மோட்டார். பிள்ளைகள் கூடினால் தரை குன்றாக எழும்பும், பிரிந்தால் பள்ளமாக இறங்கும், பந்தை உருட்டிவிடும், விழப் போகிற குழந்தையை மெத்தென்று வாங்கிக்கொள்ளும். கோயமுத்தூர்க்காரன் கையில் மோட்டார் கிடைத்தால் சும்மா இருப்பானா என்று ஊர் சிரித்தது. சிரித்த ஊர்தான் பிறகு வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தது.

நான்கு குழந்தைகள் நடுக்கூடத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி அவர்களை நோக்கி நடந்தாள். பாதத்துக்கடியில் பலகை இடப்பக்கம் லேசாகச் சரிந்தது. மோட்டார் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த பலகையில் கால் வைத்தாள். அதுவும் சரிந்தது. இவள் நெருங்க நெருங்க அந்த நால்வருக்குக் கீழே தரை மெல்ல எழும்பி, அவர்களைக் கட்டையோடும் சிரிப்போடும் அந்தப் பக்கமாக இறக்கிவிட்டது. அவர்கள் இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அவள் ஜன்னலோர மூலைக்கு வந்து சேர்ந்திருந்தாள். அங்கே தரை சமமாக, இதமாக இருந்தது. விளையாடிக்கொள் என்பதுபோல் ஒரு பொம்மை லாரி உருண்டு வந்து காலருகே நின்றது.

அந்த மூலையை அவளுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது அமிழ்தினி அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

லோகேஸ்வரி மிஸ்ஸிடம் வேறொரு குழந்தையின் பட்டையை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தரை அவளை வாரியெடுத்துக் குழந்தைகளுக்கு நடுவே கொண்டு போய் இறக்கியது. மகளின் பட்டையை மறுபடி மாட்டினாள். மூலை. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பலகைகளில் ஒரு பழுதும் இல்லை.

போன வாரம்தான் பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள்: "உங்க பொண்ணு பக்கத்துல எந்தக் கொழந்தை வந்தாலும் எந்திரிச்சுப் போயிடுதுங்க. அழுகையில்ல, கோவமில்ல. பஸ்ஸுல பெரியவங்களுக்கு எடம் விடுவோமில்லீங்களா, அது மாதிரி." டாக்டரிடம் காட்டியாயிற்று. பிள்ளைக்குக் காதும் கண்ணும் புத்தியும் நன்றாகவே இருந்தன. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தினமும் கேட்டுப் பார்த்தாயிற்று. முந்தாநாள் கோகிலவாணி பொறுக்கமாட்டாமல் முதுகில் ஒன்று வைத்திருந்தாள். அந்தக் கை இப்போது எரிந்தது.

மறுநாள் மதியம் கம்பெனிக் கேன்டீனில் ஃபாரூக்கைப் பிடித்தாள். தரைக்குப் புத்தி சொல்லித்தரும் பிரிவில் அவனுக்கு வேலை. பொய் சொல்லத் தெரியாதவன், அதனாலேயே பதவி உயர்வு வராதவன். பட்டையின் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"சொல்லு ஃபாரூக். எங்க கோளாறு?"

"கோளாறு இல்லக்கா. நல்லாத்தான் வேலை செய்யுது." அவன் தயங்கினான். "ஆறு மணிக்குப் பெத்தவங்களுக்கு எட்டு போட்டோ போகுதுல்ல? அவங்க ஹார்ட் அமுக்குறாங்கல்ல? அந்த ஹார்ட்டுதான் தரைக்குச் சாப்பாடு. வெளையாட்டு நல்லாயிருக்கான்னு கொழந்தைங்ககிட்ட மார்க் வாங்க முடியாது. அதனால பெத்தவங்க சந்தோசப்பட்டா வெளையாட்டு நல்லாயிருக்குன்னு நிர்மல் சார் வெச்சுட்டாரு. எப்படி நகர்ந்தா ஹார்ட் நெறைய வருதோ, தரை அப்படி நகரும்."

"அதுக்கும் என்ற புள்ளைக்கும் என்ன?"

ஃபாரூக் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாப்பா இருக்கிற போட்டோவுக்கு மத்தவங்க அமுக்கலக்கா."

அமிழ்தினிக்கு ஒன்றேகால் வயதில் கன்னத்திலும் வலது கையிலும் வெண்புள்ளி வந்தது. ஒட்டாது, வலிக்காது, அந்த இடத்தில் தோலுக்கு நிறமில்லை, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பகத்தில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பார்க்கிற தாய்மார்கள் எல்லோரும் கன்னத்தைத் தட்டாமல், தலையை மட்டும் தடவிவிட்டுப் போவார்கள்.

"யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா, இவளச் சேக்காதீங்கன்னு?"

"ஒருத்தர்கூட இல்ல. அவங்களுக்கே தெரியாது. தன் புள்ள இவ கையைப் புடிச்சிட்டு நிக்கிற படத்தைப் பார்ப்பாங்க, அமுக்காம அடுத்ததுக்குத் தள்ளிடுவாங்க. ஆறு மாசத்துல தரை கத்துக்கிச்சு. இவ பக்கத்துல யாரும் இல்லாம பார்த்துக்கிச்சு. ஒவ்வொரு புள்ளைக்கும் அமைதி எண்ணுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம், எவ்வளவு ஒதுங்கின எடம் வேணும்னு. பாப்பாவுக்கு நூத்துக்கு எம்பத்தெட்டு."

"எனக்கு வந்த படமெல்லாம் அழகாத்தான இருந்துச்சு?"

"ஆமாக்கா. ஜன்னல் வெளிச்சத்துல தனியா உக்கார்ந்திருப்பா. நீங்க தினமும் எட்டுக்கு எட்டும் அமுக்கியிருக்கீங்க."

கோகிலவாணி தட்டைத் தள்ளி வைத்தாள். சார்ஜாவில் இருக்கும் புருஷனுக்கு அந்தப் படங்களை அனுப்பி, 'பாருங்க, சினிமாக்காரி மாதிரி இருக்கறா' என்று எழுதியவள் அவள். ஊரே சேர்ந்து பிள்ளையை மூலைக்குத் தள்ளியபோது, இவளும் தன் பங்குக்கு எட்டு விரல் வைத்துத் தள்ளியிருக்கிறாள். தன் மேல் வந்த ஆத்திரத்தை ஒரு மனுஷி எங்கே கொண்டு போய் வைப்பாள்? அதையும் சேர்த்துக் கட்டி நிர்மல்குமாரின் தலையில் ஏற்றினாள்.

நிர்மல்குமார்தான் கும்மாளத்தை வடிவமைத்தவர், கம்பெனியும் அவருடையதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். அவரோ "உக்காருங்கம்மா" என்று நாற்காலி காட்டினார், டீ வரவழைத்தார், ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"யாருமே உங்க பொண்ண வேண்டாம்னு சொல்லலீங்க. நம்ம ஆப்புல பிடிக்கலைங்கிற பட்டனே கெடையாது. நான்தான் வேண்டாம்னேன். கொழந்தைங்க சமாச்சாரத்துல அதெல்லாம் எதுக்குங்க?"

"ரெண்டரை வருசம் தள்ளி வெச்சிருக்குதுங்களே சார்."

"அப்படிச் சொல்லப்படாதுங்க. அமைதியான எடம் குடுத்திருக்குது. நீங்களே சொல்லுங்க, ரெண்டரை வருசத்துல பாப்பா மேல ஒரு கீறல் உண்டுங்களா? ஒரு கடி உண்டுங்களா? மத்த பசங்க சண்டை போட்டு உருண்டு, மாசத்துக்கு எத்தனை பிளாஸ்திரி!"

"கீறல் விழுந்திருந்தா ஆறிப்போயிருக்குமுங்க."

அவர் மேசையிலிருந்த பென்சிலை நேராக வைத்தார். "உங்க வருத்தம் புரியுதுங்க. அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

"அவ நம்பரையாச்சும் அழிச்சுப்போடுங்க."

"பழசை அழிக்கப்படாதுங்க. அதுதான் தரைக்கு அனுபவம். பாப்பாதான் இப்ப இங்க இல்லையே. அந்த நம்பர் சும்மா கெடக்குது, யார என்ன பண்ணப்போகுது?"

வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். கேட்கவில்லை. அந்த எண் யாரை என்ன பண்ணும் என்பதை அந்த ஆளுக்கே காட்டாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

சந்தர்ப்பம் தானாகவே காலடிக்கு வந்தது. செப்டம்பரில் நிர்மல்குமார் தன் மூன்றரை வயதுப் பையன் தர்ஷித்தைப் பீளமேடு காப்பகத்தில் சேர்த்தார். 'என் பிள்ளையையே விட்டிருக்கிறேன், இதற்கு மேல் என்ன உத்தரவாதம்' என்று செய்தியாளர்களுக்குப் பேட்டியும் கொடுத்தார். புதுப் பிள்ளைக்குப் பட்டை கட்டுவது மெக்கானிக்கின் வேலை. கோகிலவாணி பட்டறை மேசையில் உட்கார்ந்து, நகவெட்டியின் முனையால் பையனின் சிப்பை எடுத்துவிட்டு மகளுடையதை உள்ளே வைத்தாள். ஒரு நிமிட வேலை. சோதனை எண் என்று குறித்துவிட்டால், விட்டுப்போன பிள்ளையின் எண் எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். படங்களை முகம் பார்த்துத்தான் பிரித்து அனுப்புவார்கள் என்பதால் அப்பாவுக்குப் பையனின் படம் தவறாமல் போய்ச் சேரும்.

பட்டையைக் கட்டும்போது பையன் காலை இழுத்துக்கொண்டு சிரித்தான். "ஆன்ட்டி, கூசுது." சின்னப் பாதம், உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இரக்கம் வரவில்லையா என்றால், வந்தது. வந்த இரக்கத்தை வாசலோடு நிறுத்திவிட்டுக் கொக்கியைப் போட்டாள்.

அதற்குப் பிறகு பீளமேட்டுக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை போனாள். ஒரு பலகை முனகுகிறது என்பாள், எண்ணெய் போட வேண்டும் என்பாள். முதல் வாரம் தர்ஷித் விடவில்லை. கூட்டத்தைக் கண்டால் ஓடினான், தரை சரித்துவிட்டது, எழுந்து மறுபடி ஓடினான். நான்காம் நாள் நடுக்கூடத்தில் நின்று, யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் அழுதான். தன் மகளும் இப்படித்தான் அழுதிருப்பாள், அப்போது யார் பார்த்தார்கள் என்று கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு அவள் வைத்த ரசம்கூட மணத்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் மாதம் பையன் அழுவது நின்றது. மூன்றாம் மாதம் தரை சரியும் முன்பே, லாரியை எடுத்துக்கொண்டு தானாக மூலைக்குப் போனான்.

லோகேஸ்வரி மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "சாரோட பையன் எத்தனை சமத்து பாருங்க. ஒரு வம்புக்குப் போறதில்ல."

ஆனால் கோகிலவாணி எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. நிர்மல்குமாரின் முகத்தில் ஒரு கோடு விழ வேண்டும், ஒரு ராத்திரித் தூக்கமாவது அவருக்குக் கெட வேண்டும் என்று காத்திருந்தாள். அவரோ நாளுக்கு நாள் பூரித்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் ஒருநாள் வழியில் நிறுத்தி, ஃபோனை நீட்டிக் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தர்ஷித் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"ராஜா மாதிரி நிக்கறான் பாருங்க. யாரையும் எதிர்பாக்க மாட்டான். தலைவன் ஆகறவனுக்கு இந்த வயசுலயே தெரிஞ்சுபோயிடுமுங்க." சொல்லிக்கொண்டே படத்துக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அமுக்கினார். ஹார்ட் சிவந்தது.

இவ்வளவு ஓங்கி அடித்தும் அந்த ஆளுக்கு உறைக்கவேயில்லை என்றால், பழிவாங்கினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாயால் சொல்லிப் புரிய வைத்தால்தான் உண்டு. அதுவும் தனி அறையில் டீ கொடுத்துச் சமாதானப்படுத்துவாரே, அங்கே வேண்டாம். நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் தர்ஷித்துக்கு நான்காவது பிறந்தநாள். சனிக்கிழமை காலை காப்பகத்திலேயே கேக் வெட்டு. "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று நிர்மல்குமார் நேரிலேயே அழைத்தார். கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லப் போவதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனாள். சார், உங்க பையன் கால்ல நாலு மாசமா இருந்தது என்ற புள்ளையோட நம்பர். ராஜா மாதிரி நிக்கலீங்க, நிக்க வெச்சிருக்குது. ஒவ்வொரு சொல்லையும் எங்கே நிறுத்தி எங்கே அழுத்த வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

மேசை நாற்காலி போட வேண்டும் என்பதால் அன்றைக்குத் தரைக்கு மின்சாரத்தை நிறுத்திச் சமமாக விட்டிருந்தார்கள். பட்டைகள் எல்லாம் ஒரு கூடையில் கிடந்தன. இருபது குழந்தைகள் கூடத்தை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். பிறந்தநாள்காரன் புதுச் சட்டையோடு ஒரு சுவரோரம் உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அமிழ்தினி எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவளை யாரும் அங்கே போகச் சொல்லவில்லை.

கேக் வெட்டியாயிற்று. நிர்மல்குமார் பையனைத் தேடிப் பிடித்து வந்து, கத்தியைக் கையில் கொடுத்து வெட்ட வைத்தார். கைதட்டல் அடங்கிய உடனே அவன் மறுபடி சுவரோரம் போய்விட்டான். "கூச்ச சுபாவம்" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். இதுதான் நேரம். கோகிலவாணி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கி நிர்மல்குமாரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார்," என்றாள். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அமிழ்தினி எழுந்திருந்தாள். கையில் கேக் துண்டு இருந்தது. ஓடுகிற பிள்ளைகளை அவள் பார்க்கவில்லை. கத்தாமல், இடிக்காமல், தன்னைப்போலவே சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரே பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டடி வைத்தாள், நின்றாள். கீழே தரையைப் பார்த்தாள். தரை சும்மா இருந்தது. மறுபடி நடந்தாள். ஏழு மாதமாக டாக்டரும் பள்ளியும் பெற்றவளும் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம், யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது. கோகிலவாணிக்கு நிர்மல்குமாரும் மறந்துபோனார், ஒப்பித்ததெல்லாம் மறந்துபோயிற்று. போ சாமி, போ என்று உதடு மட்டும் அசைந்தது.

பிள்ளை கூடத்தைக் கடந்துவிட்டாள். தர்ஷித்தின் முன்னால் போய் நின்று கேக்கை நீட்டினாள்.

தர்ஷித் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை, பயமில்லை. லாரியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவளுக்கு இடம் விட்டுவிட்டு, அடுத்த மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அமிழ்தினி பின்னாலேயே போனாள். அவன் மறுபடி எழுந்து வேறு பக்கம் போனான். மூன்றாம் தடவை அவள் போகவில்லை.

"ரெண்டும் எவ்வளவு டீசன்ட்டா வெளையாடுதுங்க பாருங்க," என்று நிர்மல்குமார் ஃபோனைத் தூக்கி ஒரு படம் எடுத்தார்.

பிள்ளை திரும்பி அம்மாவிடம் வந்தாள். கேக்கை மேசையில் வைத்துவிட்டு, வெள்ளை படர்ந்த வலது கையைப் பாவாடைக்குப் பின்னால் கொண்டு போனாள். இவ்வளவு நாள் அந்தக் கையை அவள் மறைத்ததே இல்லை.

"நான் அவனத் தொடவே இல்லம்மா," என்றாள். "இந்தக் கையில குடுத்ததாலயா போனான்? என்னாலதான?"

கோகிலவாணி மண்டி போட்டு அந்தக் கையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது அவளுக்கு உதவவில்லை.

"உன்னால இல்ல சாமி. என்னால."

"என்னங்க?" என்று நிர்மல்குமார் சிரித்த முகமாகவே குனிந்தார். "என்ன சொல்றீங்க?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சுற்றிலும் அவள் விரும்பியபடியே நாலு பேர் நின்றிருந்தார்கள், எல்லோரும் கேட்கத் தயாராகத்தான் இருந்தார்கள். அவர் முகத்தில் விழப்போகும் கோட்டைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"உங்க பையனக் கூப்பிடுங்க சார்," என்றாள். "கைய நீட்டி, பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. அப்புறம் நான் சொல்றேன்."

நிர்மல்குமார் இரண்டு கையையும் விரித்துக் கூப்பிட்டார்.